மதிப்பெண் கூட்டத்தில் காப்பாளருக்கும் ஓர் இடம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, ஜனவரியில் பள்ளி திறந்ததும் தமிழ்நாட்டின் உறைவிடப் பள்ளிகளில் ஒரு கூட்டம் நடக்கும். தலைமையாசிரியர் அறையிலோ நூலகத்திலோ ஆசிரியர்கள் கூடுவார்கள். வகுப்பு வாரியாக மதிப்பெண் பட்டியல் விரிக்கப்படும். யார் தேறுவார், யார் தேறுவது சந்தேகம், யாரை எந்த செக்‌ஷனில் உட்காரவைப்பது, யாருக்கு அதிகாலை வகுப்பு, யாருக்கு இரவு வகுப்பு என்பதெல்லாம் அங்கே முடிவாகும். மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கு முந்தைய திருப்புதல் தேர்வுகள் இந்த முடிவுகளை அடியொற்றியே நடக்கும்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு இப்படியொரு கூட்டம் பெரிய விஷயமில்லை. ஆசிரியர் கடிந்துகொண்டாலும் மாலையில் வீடு இருக்கிறது. “ஏன்டா முகம் வாடியிருக்கு?” என்று கேட்க அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். உறைவிடப் பள்ளியில் அந்த மாலை கிடையாது. பிள்ளை எப்போது எழுவது, எங்கே உட்கார்ந்து படிப்பது, விளையாடப் போகலாமா கூடாதா, ஊருக்கு எப்போது போவது ஆகிய எல்லாமே பள்ளியின் முடிவுகள். ஆகவே, அந்த அறையில் பேசப்படும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பிள்ளையின் முழு நாளையும் மாற்றிவிடும்.

இவ்வளவு கனமான கூட்டத்தில், பிள்ளையை அதிக நேரம் பார்க்கும் ஒருவர் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் விடுதிக் காப்பாளர். பாடவேளைகள் ஏழெட்டு மணி நேரம். மீதிப் பதினாறு மணி நேரம் விடுதி. அந்தப் பதினாறு மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எட்டு மணி நேரத்தின் விளைவை அலசுவது அரைகுறை அலசல். உறைவிடப் பள்ளிகளின் மதிப்பெண் கூட்டங்கள் திருந்த வேண்டும் என்றால், முதல் மாற்றம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்றரை நிமிடத்தில் ஒரு பிள்ளை

கூட்டத்தின் நடைமுறை எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் தேர்ச்சி விகிதம். அடுத்து வகுப்புச் சராசரி. பிறகு எந்தப் பாடத்தில் எத்தனை சென்டம், போன ஆண்டு இதே தேர்வில் எத்தனை என்ற ஒப்பீடு. அதற்குப் பிறகுதான் பெயர்கள் வரும். 35க்குக் கீழே எடுத்தவர்களின் பெயர்கள் சிவப்பு மையில் இருக்கும். 35க்கும் 45க்கும் இடையே ஊசலாடுபவர்கள் இன்னொரு வட்டத்தில். மேலே இருப்பவர்கள் மீத்திறன் மாணவர்கள், கீழே இருப்பவர்கள் மெல்லக் கற்போர். இடையில் இருப்பவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரு வகுப்பில் 40 பேர். அந்த வகுப்புக்கு ஒதுக்கப்படும் நேரம் ஒரு மணி. ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதிலும் தேர்ச்சி விகிதமும் சராசரியும் பாதி நேரத்தைத் தின்றுவிடும். எஞ்சியிருக்கும் விநாடிகளில் என்ன சொல்ல முடியும்? “பையன் உழைக்க மாட்டேங்கிறான்”, “எல்லாம் கேர்லெஸ் மிஸ்டேக்”, “பேசிக்கே இல்ல சார்”, “வீட்ல செல்லம் ஜாஸ்தி”. இந்த நான்கைந்து வாக்கியங்களுக்குள் நாற்பது பிள்ளைகளும் அடங்கிவிடுகிறார்கள்.

தீர்வுகளும் அப்படித்தான். காலை ஐந்து மணி ஸ்டடியை நாலரைக்கு மாற்றுவது, பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஸ்லிப் டெஸ்ட் வைப்பது, அவுட்டிங்கை ரத்துசெய்வது. மதிப்பெண் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை தெரியாதபோது, நேரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் கைவசம் இருக்கும் மருந்தாகிவிடுகிறது. 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட பரிந்துரை. இரவு பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளை ஆறு மணி நேரம்தான் தூங்குகிறது. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு நினைவாற்றலும் கவனமும் குறையும். அடுத்த தேர்வில் மதிப்பெண் மேலும் சரியும். அடுத்த கூட்டத்தில் மேலும் அரை மணி நேரத் தூக்கம் வெட்டப்படும்.

இரண்டு பதிவேடுகள்

ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முதல் இடைப்பருவத் தேர்வில் கணக்கில் 71. காலாண்டில் 48. அரையாண்டில் 34. கணக்கு ஆசிரியர், “வகுப்பில் கவனிப்பதே இல்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்” என்கிறார். அறிவியல் ஆசிரியர், “கரும்பலகையில் போட்ட படத்தைத் தப்பும் தவறுமாக வரைகிறாள்” என்கிறார். தமிழாசிரியர் மட்டும், “என் பாடத்தில் நன்றாகத்தானே எழுதுகிறாள்” என்று வியப்படைகிறார். அவர் புத்தகத்தை வைத்து வாசிக்கச் சொல்லிப் பாடம் நடத்துபவர். முடிவு: மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் சேர்க்கப்படுகிறது. காலை நாலரைக்கு எழ வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி.

அதே வளாகத்தில், நூறடி தள்ளி, விடுதி அலுவலகத்தில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. அதில் ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் காப்பாளரின் கையெழுத்தில் ஒரு வரி: “கண்ணாடி உடைந்தது. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.” தகப்பனார் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார், கைபேசி எடுக்கப்படவில்லை. காப்பாளர் இரண்டு முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு வேறு வேலைகள் வந்துவிட்டன. அவள் அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதுவதும், பலகையில் இருக்கும் படம் தப்பாகப் போவதும், கையில் புத்தகம் இருக்கும்போது நன்றாக வாசிப்பதும் எதனால் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தவருக்கு மதிப்பெண் தெரியாது. மதிப்பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி தெரியாது.

கண்ணாடி என்பது ஓர் எளிய உதாரணம்தான். அந்த இடத்தில் வேறு எதையும் வைத்துப் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் தட்டைக் கழுவிவைக்கும் பிள்ளை. மாதவிலக்கு நாட்களில் வலியால் சுருண்டு படுக்கும் பிள்ளை. அறை மாற்றப்பட்ட பிறகு யாரோடும் பேசாத பிள்ளை. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை. காலாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது அழைத்துப்போக ஆளின்றி விடுதியிலேயே தங்கிவிட்ட பிள்ளை. இவை எதுவும் விடைத்தாளில் தெரியாது. விடுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். காப்பாளருக்குத் தெரியாவிட்டால் சமையலருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாவிட்டால் இரவுக் காவலருக்குத் தெரியும்.

மதிப்பெண்ணே எல்லாம் ஆன வரலாறு

நம் உறைவிடப் பள்ளிகளில் மதிப்பெண் இந்த அளவுக்கு ஓங்கி நிற்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ரத்துசெய்தது. 2007-08 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே மருத்துவ, பொறியியல் இடங்களை முடிவுசெய்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது நியாயமான வழியைத் திறந்தது, அதில் ஐயமில்லை. அதே வேளையில், ஒற்றை மதிப்பெண்ணில் கட் ஆஃப் மாறிப்போகும் நிலையை நம்பி நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பெரும் வளர்ச்சி கண்டன. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவது பல பள்ளிகளில் ஊரறிந்த வழக்கமானது.

2017இல் இந்தப் போக்குக்குக் கடிவாளம் போடும் முயற்சிகள் நடந்தன. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் அந்த ஆண்டு கைவிடப்பட்டது. 2017-18 முதல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600ஆகக் குறைக்கப்பட்டது. அதே 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் கட்டாயமானது. விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நீட் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டன. பிள்ளைகளின் நாள் இன்னும் நீண்டது.

2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு அரசின் மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்பதற்கான நல்ல முடிவு இது. ஆனால், இதன் மறுபக்கத்தை ஆசிரியர்கள் உணர வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு மீண்டும் முழுக்கப் பள்ளியின் கைக்கு வந்துவிட்டது. மாநிலப் பொதுத்தேர்வுக்கான வினாத்தாள் இல்லை. வெளியிலிருந்து திருத்துபவர் இல்லை. பள்ளிக்குள் நடக்கும் ஆசிரியர் கூட்டம்தான் இனி அந்த ஆண்டின் ஒரே மதிப்பீட்டு அவை. அந்த அவை சரியாக இயங்காவிட்டால், பிளஸ் ஒன் பாடங்கள் மீண்டும் ஓரங்கட்டப்படும். பிள்ளையின் அடிப்படை ஓட்டையாகவே இருக்க, பட்டியலில் மட்டும் மதிப்பெண் மின்னும்.

சட்டம் சொல்வதும் விட்டதும்

ஆசிரியர்கள் பிள்ளைகளின் கற்றலை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக வகுக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பேசவும் சொல்கிறது. 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அச்சமும் பதற்றமும் இல்லாமல் குழந்தை கற்க வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு.

இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கை தொடர்கிறது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட விரும்பும் சில தனியார் பள்ளிகள், ஒன்பதிலேயே வடிகட்டத் தொடங்குகின்றன. “பிள்ளைக்கு எங்க பாடத்திட்டம் ஒத்துவரல, வேற ஸ்கூல் பாத்துக்குங்க” என்று பெற்றோரை அழைத்துச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுக்கின்றன. தனித்தேர்வராக எழுதச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. விடுதிப் பிள்ளைக்கு இதன் வலி இரட்டிப்பு. படிப்போடு சேர்ந்து தங்குமிடமும் நட்பும் ஒரே நாளில் பறிபோகின்றன.

2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி விகிதம் 95.03%. ஏறத்தாழ எல்லோரும் தேறிவிடும் ஒரு தேர்வில், தேறாமல் போகக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் ஓரிருவர் மீது ஒரு பள்ளியின் மொத்த அச்சமும் இறங்குகிறது. அந்த ஓரிருவரைத் தூக்கிவிடுவதற்கா, கழற்றிவிடுவதற்கா கூட்டம் கூடுகிறது என்பதில்தான் அந்தப் பள்ளியின் தரம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மாணவர்களின் மனநலம் குறித்து வழங்கிய தீர்ப்பு இங்கே முக்கியமானது. பள்ளிகள், கல்லூரிகள், பயிற்சி மையங்கள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் 15 வழிகாட்டுதல்களை அது வகுத்தது. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பதையும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும், சக்திக்கு மீறிய இலக்குகளைச் சுமத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் ‘ஏ பேட்ச்’, ‘பி பேட்ச்’ பட்டியலை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பள்ளி, தான் செய்வது என்னவென்று யோசிக்க வேண்டும்.

விடுதிகளைப் பற்றித் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது: பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். பதிவும் பாதுகாப்பும் அதன் அக்கறைகள். விடுதியும் வகுப்பறையும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழிசெய்வது அடுத்து நாம் எடுத்துவைக்க வேண்டிய அடி.

விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடையிலான இந்த இடைவெளி அரசுத் துறையில் இன்னும் அகலமானது. ஆதிதிராவிடர் நலத் துறையோ பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையோ நடத்தும் விடுதியில் பிள்ளை தங்குகிறது; பள்ளிக் கல்வித் துறையின் பள்ளியில் படிக்கிறது. காப்பாளர் ஒரு துறைக்குப் பதில் சொல்கிறார், ஆசிரியர் இன்னொரு துறைக்கு. ஒரே விடுதியின் பிள்ளைகள் நான்கைந்து பள்ளிகளில் படிப்பதும் உண்டு. இரண்டு துறைகளுக்கும் நடுவே பிள்ளையின் பிரச்சினை கேட்பாரற்றுக் கிடக்கிறது.

மற்ற இடங்களில் எப்படி?

பிரான்ஸின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு பருவ முடிவிலும் ‘வகுப்பு அவை’ கூடுகிறது. பள்ளி முதல்வர், அந்த வகுப்பின் எல்லாப் பாட ஆசிரியர்கள் ஆகியோரோடு, வகுப்பறைக்கு வெளியே மாணவர்களின் நடைமுறை வாழ்க்கையைக் கவனிக்கும் அலுவலரும் அதில் உட்காருகிறார். மாணவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பிரதிநிதிகளும் பெற்றோர் தரப்பில் இரண்டு பிரதிநிதிகளும் அதில் உறுப்பினர்கள். ஒரு மாணவரைப் பற்றிப் பேசும்போது, அவருடைய வகுப்புத் தோழரே அங்கிருந்து பதில் சொல்ல முடியும். அந்த அவைக்கும் குறைகள் உண்டு. நேரமின்மை அங்கும் பெரிய புகார்தான். என்றாலும், மதிப்பெண்ணைப் பேசும் அறைக்குள் பிள்ளையின் தரப்பும் இருக்க வேண்டும் என்ற கொள்கையை அவர்கள் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில், ஆசிரியர்களே விடுதி இல்லங்களின் பொறுப்பாளர்களாகப் பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். ஜவஹர் நவோதயா வித்யாலயங்களில் ஆசிரியர்கள் வளாகத்திலேயே குடியிருந்து, ஹவுஸ் மாஸ்டர்களாக மாணவர்களைக் கவனிக்கிறார்கள். நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டுக்கு வேண்டுமா என்பது மொழிக்கொள்கை சார்ந்த தனி விவாதம். அதை இங்கே கலக்க வேண்டாம். காலையில் கணக்கு நடத்தியவரே இரவில் விளக்கணைக்க வரும்போது, பிள்ளையைப் பற்றிய தகவல் இரண்டாகப் பிரிவதில்லை என்பதே நமக்கான பாடம்.

நம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் ஒருவரே காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். அது அவருக்குப் பெரிய சுமை. தனிக் காப்பாளர்களை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அப்படி நியமிக்கும்போது, பள்ளிக்கும் விடுதிக்கும் இடையே இப்போது இருக்கும் இணைப்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டுள்ள அரசு மாதிரிப் பள்ளிகளும் உறைவிடப் பள்ளிகளே. பெரிய கல்வி நிறுவனங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கனவோடு நடக்கும் அந்தப் பள்ளிகள், காப்பாளரையும் கூட்டத்தில் சேர்க்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது எளிது.

ஆசிரியர்களின் நெருக்கடி

இவ்வளவும் சொல்லும்போது ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவர்களிடம்தான் விளக்கம் கேட்கப்படுகிறது. அரசுப் பள்ளியில் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டம். தனியார் பள்ளியில் தாளாளரின் கேள்விகள், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற பயம். மேலே இருப்பவர் எண்ணைக் கேட்கும்போது கீழே இருப்பவர் எண்ணைத்தான் பேசுவார். ஆகவே, ஆய்வுக் கூட்டங்களில் கேட்கப்படும் கேள்வி மாறாமல், பள்ளிக்குள் நடக்கும் பேச்சு மாறாது. “எத்தனை பேர் ஃபெயில்?” என்று கேட்கும் அலுவலர், “சரிந்த பிள்ளைகளுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள்?” என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், ஆசிரியர்கள் விடையோடு போவார்கள்.

நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால், நாற்பது பேரையும் ஒரே அளவில் பேச வேண்டிய தேவையும் இல்லை. மதிப்பெண் என்பது துல்லியமான தராசு அல்ல. 78க்கும் 74க்கும் உள்ள இடைவெளி, அன்றைய தலைவலியிலோ திருத்தியவரின் கைத்தாராளத்திலோ அடங்கிவிடும். அதைவைத்து ஐந்தாம் ரேங்க், ஒன்பதாம் ரேங்க் என்று அளப்பதில் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்தினாலே போதும். பேச வேண்டியது, முந்தைய தேர்விலிருந்து கணிசமாக விலகிய பிள்ளைகளைப் பற்றி. 92 வாங்கிக்கொண்டிருந்தவன் 70க்கு வந்தால், தேர்ச்சிப் பட்டியலில் அவன் பெயர் பத்திரமாக இருக்கும்; சிவப்பு மை அவனைத் தொடாது. ஆபத்தில் இருப்பவன் அவனாகவும் இருக்கலாம். ஒரு வகுப்பில் அப்படி ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் தந்தாலும், அதே ஒரு மணி நேரத்துக்குள் கூட்டம் முடிந்துவிடும்.

பெற்றோரே மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. நிலத்தை அடகுவைத்தும் நகையை விற்றும் கட்டணம் கட்டியவர்கள் மதிப்பெண்ணைக் கேட்பதில் தவறில்லை. பிள்ளையின் உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று பள்ளி தானாகச் சொல்லும் வழக்கம் வந்தால், அவர்கள் அதையும் ஆவலோடு கேட்பார்கள். விசிட்டிங் டே அன்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து “மெலிஞ்சிட்டியே” என்று கலங்கும் தாய்க்கு, மதிப்பெண் மட்டுமே போதும் என்று யார் சொன்னது?

கூட்டம் எப்படி நடக்க வேண்டும்?

முதலாவதாக, விடுதிக் காப்பாளர் கூட்டத்தின் முழு உறுப்பினராக இருக்க வேண்டும். ஓரமாக நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறவராக அல்ல. மேசையில் அமர்ந்து தன் பதிவேட்டைத் திறந்து பேசுகிறவராக. உடல்நலக் குறைவு, சாப்பிடாத நாட்கள், அறை மாற்றம், ஊருக்குப் போகாத விடுமுறைகள் ஆகியவை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே வாசிக்கப்பட வேண்டும். பள்ளியும் விடுதியும் வெவ்வேறு துறைகளின் கீழ் இருக்கும் இடங்களில், பருவத்துக்கு ஒரு முறையாவது காப்பாளர் இந்தக் கூட்டத்துக்கு வர இரு துறைகளும் சேர்ந்து ஆணையிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இரண்டாவதாக, கூட்டத்துக்கு முன்பே பிள்ளையிடம் பேச வேண்டும். வகுப்பாசிரியர் தனியே உட்காரவைத்து, “உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு வர வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் சிக்கல் தெரியும். கேட்டால் சொல்லும், திட்டாமல் கேட்டால் முழுவதும் சொல்லும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பேச்சும் பெரியவர் ஒருவருக்கான வேலையில் முடிய வேண்டும். “அவள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்” என்று குறிப்பு எழுதினால் அதில் யாருக்கும் வேலை இல்லை. “வெள்ளிக்கிழமைக்குள் காப்பாளர் கண் மருத்துவரிடம் அழைத்துப்போவார், அதுவரை கணக்கு ஆசிரியர் அவளை முதல் வரிசையில் உட்காரவைப்பார்” என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து அது நடந்ததா என்று கேட்க முடியும். அடுத்த கூட்டம் இந்தக் குறிப்பை வாசித்துத்தான் தொடங்க வேண்டும்.

நான்காவதாக, அறையில் பேசியது அறையோடு இருக்க வேண்டும். காப்பாளரிடம் நம்பிக்கையோடு பிள்ளை சொன்ன குடும்ப விஷயம், மறுநாள் ஆசிரியர் அறையில் டீயோடு சேர்ந்து பரிமாறப்படக் கூடாது. சிக்கலுக்குத் தேவையான அளவுக்கு மட்டும், தேவையான ஆளிடம் மட்டும் சொல்வது என்ற ஒழுங்கு வேண்டும். அது இல்லாவிட்டால், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது.

ஐந்தாவதாக, தூக்கம், உணவு, விளையாட்டு, வீட்டோடு பேசும் தொலைபேசி நேரம் ஆகிய நான்கையும் மதிப்பெண்ணுக்கான தண்டனையாக ஒருபோதும் குறைக்கக் கூடாது. இவை நல்ல மதிப்பெண்ணுக்கான வெகுமதிகள் அல்ல. பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பொறுப்பேற்கும் அன்றே பள்ளி ஒப்புக்கொண்ட கடமைகள். அதேபோல, மதிப்பெண் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் டி.சி. கொடுக்கக் கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளில் இடையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு டி.சி.க்கும் காரணத்தை எழுத்தில் பெற்று ஆராயும் பொறுப்பைக் கல்வித் துறை ஏற்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த முறை பிள்ளையைப் பார்க்க விடுதிக்குப் போகும்போது, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளையைப் பற்றிக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள்? அதில் காப்பாளர் இருந்தாரா? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் பள்ளியை நம்பலாம். அது எத்தனை சென்டம் வாங்கியது என்று தேட வேண்டியதில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டிடமோ புதிய செயலியோ இதற்குத் தேவையில்லை. அடுத்த மதிப்பெண் கூட்டத்துக்கான சுற்றறிக்கையில் காப்பாளரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளையின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் பொறுப்பேற்றுக்கொண்ட பள்ளி, அந்த இருபத்துநான்கு மணி நேரத்தையும் கணக்கில் எடுத்த பிறகே அந்தப் பிள்ளையின் தகுதியைப் பற்றிப் பேச வேண்டும்.